அத்தைக்கு வாங்கிய பிபி மிஷின்

மாமியாருக்காக வாங்கிய மிஷின் அது. கடைசியில் மாட்டிக்கொண்டது நான்.

நாங்கள் இருப்பது கும்பகோணம். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு 74 வயது. பத்து வருஷமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். மாதம் ஒருமுறை டாக்டரிடம் போவோம். ஆட்டோவை விட்டு இறங்கி, மாடி ஏறி, டோக்கன் வாங்கி, நாற்காலி காலியில்லாமல் சுவரோரம் நின்று, பெயரைக் கூப்பிட்டதும் பதறியடித்து உள்ளே போனால் ஒரு ஸ்டூல் இருக்கும். முதுகு சாய்க்க எதுவும் கிடையாது. சிஸ்டர் வந்து ஜாக்கெட் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, காற்றடித்தபடியே, "என்ன பாட்டி, காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பார். அத்தையிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வராது. இட்லியில் ஆரம்பித்து, இந்தத் தடவை உளுந்து சரியாக அமையவில்லை என்பது வரை போகும். அதற்குள் சிஸ்டர் சீட்டில் எழுதிவிடுவார்: 160/90. அடுத்த மாதம் 170/90. அதற்கும் அடுத்த மாதம் 170/100.

எல்லாமே பூஜ்யத்தில் முடிவதை அப்போது நான் கவனிக்கவே இல்லை. அந்த மிஷினில் இரண்டிரண்டாகக் கோடு போட்டிருக்கும். 162 வரலாம், 168 வரலாம். எங்கள் அத்தைக்கு மட்டும் ரத்தம் எப்போதும் ரவுண்டாகவே ஓடியிருக்கிறது.

மாத்திரை கூடியது. இரண்டு வாரம் கழித்து ஒரு விடியற்காலை, வாசலில் கோலத்தைப் போட்டுவிட்டு எழுந்தவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கோலமாவுக் கிண்ணம் கையிலிருந்து நழுவிப் படியெல்லாம் வெள்ளை. "கண்ணை இருட்டிக்கிட்டு வருதும்மா" என்றார். பிரஷர் ஏறிவிட்டது என்று நான் பயந்தேன். அது நேர் எதிர் என்பது தெரிய ஒரு மாதம் பிடித்தது. அந்த ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது மணிக்கட்டில் கட்டுகிற மிஷின். ஆடித் தள்ளுபடி, சின்னதாக அழகாக இருந்தது, ஜாக்கெட்டைச் சுருட்ட வேண்டிய தொல்லையும் இல்லை. முதல் நாளே குழப்பம். கையை மடியில் வைத்துப் பார்த்தால் 147. மிஷின் ஏதோ சொல்கிறதே என்று கையைத் தூக்கி மார்புக்கு நேராக வைத்துப் பார்த்தால் 126. ஐந்து நிமிஷத்துக்குள் 21 புள்ளி. கடைக்காரரைத் திட்டப் போனவளை நிறுத்தியது ப்ளஸ் டூ படிக்கும் என் மகன்.

"அம்மா, கை என்பது தண்ணி டியூப் மாதிரி. கீழே இறக்கினா அழுத்தம் கூடத்தானே செய்யும்?" என்று ஒரு தாளில் கணக்குப் போட்டான். பிரஷர் அளப்பது மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில், ஒரு மில்லிமீட்டர்தான் ஒரு புள்ளி. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். ரத்தம் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். ஆக, அளக்கிற இடம் இதயத்தைவிட 10 சென்டிமீட்டர் தாழ்ந்தால் சுமார் 8 புள்ளி கூடும். உயர்ந்தால் அதே அளவு குறையும். மடிக்கும் மார்புக்கும் நடுவே ஒரு சாண் தாண்டி இருக்கிறது. மிஷின் உண்மையைத்தான் சொன்னது. நாங்கள்தான் வேறு இடத்தின் பிரஷரை அளந்திருக்கிறோம்.

மணிக்கட்டு மிஷின் அத்தனையும் மோசம் என்று சொல்ல மாட்டேன். மேல்கை மிகவும் பருமனாகவோ கூம்பு மாதிரியோ இருந்து எந்தப் பட்டையும் சரியாகச் சுற்ற முடியாதவர்களுக்கு அதுதான் வழி. மற்றவர்களுக்கு மேல்கையில் கட்டுவது போதும். கையை மேஜையில் வைத்தாலே பட்டை கிட்டத்தட்ட இதயத்துக்கு நேராக வந்துவிடும், தப்பு செய்ய வாய்ப்பு குறைவு. விரலில் மாட்டும் மிஷின், செல்போன் கேமராவில் விரலை வைக்கச் சொல்லும் ஆப் இதெல்லாம் விளையாட்டுக்குச் சரி. கொழுந்தனார் மகன் ஒரு ஸ்மார்ட் வாட்ச் காட்டினான், அதுவும் பிபி சொல்லுமாம். ஆனால் மாதம் ஒருமுறை பட்டை மிஷினில் அளந்து அந்த நம்பரை அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றான். அப்புறம் எதற்கு வாட்ச் என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி.

சரி, இரண்டாவது மிஷின் மேல்கை வகை. 2,000 ரூபாய் சுமாருக்கு வாங்கினோம். இந்தத் தடவை தள்ளுபடியைப் பார்க்கவில்லை, மாடல் நம்பரைப் பார்த்தோம். ஸ்ட்ரைட் பிபி என்று ஓர் இணையதளம் இருக்கிறது. முறையாகச் சோதித்துத் தேறிய மிஷின்களை மட்டும் பட்டியல் போட்டிருக்கிறார்கள். 2018இல் வந்த உலகப் பொது விதிப்படி, பயிற்சி பெற்ற ஆட்கள் ஸ்டெதாஸ்கோப் வைத்து அளப்பதோடு மிஷினின் அளவை குறைந்தது 85 பேரிடம் ஒப்பிட வேண்டும். சராசரி வித்தியாசம் 5 புள்ளியைத் தாண்டக் கூடாது. ஒரே கம்பெனியிலேயே ஒரு மாடல் பட்டியலில் இருக்கும், இன்னொன்று இருக்காது. அதனால் கம்பெனிப் பெயரை நம்பி வாங்குவதில் பிரயோஜனம் இல்லை.

மிஷின் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே, வீட்டில் நோயில்லாத ஆள் நான்தானே என்று என் கையில் கட்டிப் பார்த்தேன். 158/98.

சிரித்துவிட்டேன். எனக்கு 49 வயது. ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. ஆறு மாதம் முன்பு ஸ்கூலில் வைத்த மருத்துவ முகாமில் 128/82 என்று எழுதிக்கொடுத்திருந்தார்கள். மிஷின் கோளாறு, சந்தேகமே இல்லை. மறுநாள் பார்த்தால் 154/96. அதற்கு மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று டப்பாவைத் தேடும்போதுதான் பட்டையின் ஓரத்தில் அச்சடித்திருந்ததைப் படித்தேன்: 22–32 செ.மீ. தையல் டேப்பை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் என் கையைச் சுற்றி அளந்தேன். 34. அத்தைக்கு 23.

பட்டையின் அளவு என்பது நான் நினைத்ததைவிடப் பெரிய விஷயம். உள்ளே இருக்கும் காற்றுப்பை கைச்சுற்றளவில் ஏறக்குறைய 80 சதவீதம் நீளமும் 40 சதவீதம் அகலமும் இருக்க வேண்டும். சின்னப் பட்டையைப் பெரிய கையில் கட்டினால் அழுத்தம் உள்ளே உள்ள ரத்தக்குழாய் வரை ஒழுங்காகப் போய்ச் சேராது. மிஷின் இன்னும் காற்றடிக்கும், நம்பர் கூடும். பெரிய பட்டையைச் சின்னக் கையில் கட்டினால் குறையும். அமெரிக்காவில் 2023இல் வந்த ஓர் ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டி அளந்தபோது மேல் பிரஷர், அதாவது முதல் நம்பர், கிட்டத்தட்ட 20 புள்ளி கூடக் காட்டியிருக்கிறது. இந்தக் கோளாறு இன்றைக்கு வந்ததில்லை. 1896இல் இத்தாலியின் டூரின் நகரத்தில் ரீவா ரோச்சி என்ற டாக்டர், சைக்கிள் டியூபையும் பாதரசத்தையும் வைத்து முதல் கைப்பட்டைக் கருவியைச் செய்தபோது பட்டையின் அகலம் 5 சென்டிமீட்டர்தான். நம்பர் எகிறியது. 1901இல் ஜெர்மனியின் ரெக்லிங்ஹவுசன்தான் பட்டை அகலமாக இருக்க வேண்டும் என்று சொன்னார். நூற்றிருபது வருஷம் கழித்தும் பல இடங்களில் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் ஒரே பட்டைதான்.

22–42 செ.மீ. பட்டை தனியாகக் கிடைத்தது. அதே கம்பெனியின் பட்டையைத்தான் வாங்க வேண்டும். கட்டிப் பார்த்தேன். 149/94.

குறைந்தது. ஆனால் போதுமான அளவு குறையவில்லை. எனக்குச் சிரிப்பு நின்றது அன்றைக்குத்தான்.

எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் இருக்கிறார். ப்ராக்டீஸ் கிடையாது, தெருக்காரர்கள் போனால் பார்ப்பார். மிஷினைத் தூக்கிக்கொண்டு அத்தையும் நானும் போனோம். "மிஷின் சரியா இருக்கான்னு பாருங்க டாக்டர்" என்றேன். எனக்கு வந்த நம்பரைச் சொல்லவில்லை.

அவர் உள்ளேயிருந்து ஒரு நீளமான இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துத் திறந்தார். மூடி நிமிர்ந்து நின்றது, அதில் கண்ணாடிக் குழாய், அடியில் பளபளவென்று பாதரசம். "இதை இப்போ விக்கறதுக்கே இல்லைம்மா. பாதரசம் விஷம்னு உலக நாடுகளெல்லாம் சேர்ந்து மினமாட்டா ஒப்பந்தம் போட்டாச்சு. உடைஞ்சா குப்பையில போடக் கூடாது. என்னோட இருந்துட்டுப் போகட்டும்னு வச்சிருக்கேன்" என்றார். பிறகு எங்களைப் பேசாமல் உட்காரச் சொன்னார். ஐந்து நிமிஷம். அத்தை இரண்டு தடவை வாயெடுத்தார், இரண்டு தடவையும் விரலைக் காட்டி அடக்கிவிட்டார்.

அத்தையின் கையில் பட்டையைக் கட்டி, மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடி காற்றடித்தார். நாடி நின்ற இடத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு, அதற்கு மேலும் 30 புள்ளி ஏற்றினார். சில வயதானவர்களுக்கு சத்தம் நடுவில் கொஞ்ச தூரம் மறைந்து மறுபடி வருமாம். போதிய அளவு ஏற்றாமல் ஆரம்பித்தால், இரண்டாவதாக வரும் சத்தத்தை முதல் சத்தம் என்று நினைத்துக் குறைவாக எழுதிவிடுவோம். பிறகு ஸ்டெத்தை என் காதில் மாட்டிவிட்டு, அதன் வட்டத்தை முழங்கை மடிப்பில் வைத்து, திருகைக் கொஞ்சமாகத் திறந்தார். பாதரசம் ஊர்ந்து இறங்கியது, ஒரு வினாடிக்கு 2 புள்ளி. காதில் எதுவும் இல்லை. 150, 146, 140. எனக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்த நேரம், மூடிய கதவை யாரோ விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி ஒரு "டொக்". அப்புறம் வரிசையாக. "அதுதான் மேல் பிரஷர்" என்றார். 134. சத்தம் பலமாகி, கரகரத்து, மங்கி, 74இல் காணாமல் போனது. "அது கீழ் பிரஷர்."

இந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவர் கொரோட்கோவ் என்ற ரஷ்ய அறுவை மருத்துவர், 1905இல். எழுதியது ஒரு பக்கம்கூட வராது. அதற்கு முன்னால் நாடியைத் தொட்டுப் பார்த்து மேல் பிரஷரை மட்டும்தான் சொல்ல முடிந்தது. அதற்கும் முன்னால், 1733இல் இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் வெளியிட்ட புத்தகத்தில், ஒரு குதிரையின் ரத்தக்குழாயில் கண்ணாடிக் குழாயைச் செருகி ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறியதை எழுதியிருக்கிறார். டாக்டர் இதைச் சொன்னபோது அத்தை "பாவம் குதிரை" என்றார். அதற்கு மட்டும் பேச அனுமதி கிடைத்தது.

பிறகு எங்கள் மிஷின். அது 131/72 காட்டியது. "இது சத்தமே கேக்கறதில்லைம்மா" என்றார் டாக்டர். காற்று இறங்கும்போது நாடித் துடிப்பால் பட்டை லேசாக அதிரும். அந்த அதிர்வு எங்கே அதிகமோ அதுதான் சராசரி அழுத்தம். மிஷின் உருப்படியாகப் பிடிப்பது அந்த ஒன்றைத்தான். மேல், கீழ் இரண்டையும் கம்பெனி வைத்திருக்கிற கணக்குப்படி போட்டுச் சொல்லும். கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறு. அதனால் இரண்டு மிஷினுக்கு நடுவில் நாலைந்து புள்ளி வித்தியாசம் வந்தால் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. இதயத்துடிப்பு தாறுமாறாக இருக்கிறவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு தடுமாறும். அவர்களுக்கு ஒரே தடவையோடு நிறுத்தாமல் மூன்று தடவை பார்க்க வேண்டும், முடிந்தால் ஸ்டெத் வைத்தும் பார்க்க வேண்டும்.

முள் வைத்த டயல் மிஷினைப் பற்றியும் கேட்டேன். காற்றில்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று முதலில் பார், நிற்கவில்லை என்றால் அதை நம்பாதே என்றார். தட்டுமுட்டுப் பட்டால் பிசகிவிடும், வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவையாவது சரிபார்க்க வேண்டும்.

"சரி, மிஷின் நல்லாத்தான் இருக்கு. நீ கையை நீட்டு" என்றார் கடைசியில். எனக்கு 146/92. பாதரசத்தில்.

"உனக்கு எதுக்கும்மா இவ்வளவு?" என்று அத்தை என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒரு நாள் நம்பரை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். இரண்டு பேரும் ஒரு வாரம் எழுதிக்கொண்டு வர வேண்டும். காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால் இரண்டு தடவை, ராத்திரி இரண்டு தடவை, நடுவில் ஒரு நிமிஷம் இடைவெளி. முதல் நாள் கணக்கில் சேராது, அன்றைக்கு எல்லாருக்கும் கொஞ்சம் ஏறியே இருக்கும். மீதி ஆறு நாளின் 24 நம்பருக்குச் சராசரி. பிரஷர் இருக்கிறது என்று சொல்லும் எல்லைக்கோடு ஆஸ்பத்திரியில் 140/90 என்றால் வீட்டில் 135/85. இது பலருக்குத் தெரிவதில்லை. வீட்டில் 138 வந்தால் "நூத்தி நாப்பதுக்குள்ளதானே" என்று விட்டுவிடுகிறோம்.

அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் நடந்த கூத்துகளில்தான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன்.

முதல் சிக்கல் ஜாக்கெட். கை இறுக்கமான ஜாக்கெட்டை மேலே சுருட்டினால் அதுவே ஒரு கயிறு மாதிரி கையைப் பிடிக்கும், நம்பர் கெடும். துணிக்கு மேலே கட்டினாலும் கெடும். நைட்டி போட்டிருக்கும் நேரத்தில் பார்ப்பது என்று முடிவு செய்தோம். இரண்டாவது, அத்தை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பழகியவர். நாற்காலியில் உட்காரவைத்தாலும் ஒரு காலைத் தூக்கி மேலே வைத்துக்கொள்வார். முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் இருக்க வேண்டும். அவருக்குக் கால் எட்டவில்லை. பழைய மனையைப் போட்டோம். கைக்கு உயரம் போதாமல் மேஜைமேல் ஒரு தலையணை. காலையில் எழுந்ததும் முதல் வேலை டிகிரி காபி என்று இருப்பவர், அளப்பதற்கு முந்தின அரைமணி நேரம் காபி குடிக்கக் கூடாது என்றதும் முகம் சுருங்கியது. பிரஷர் இல்லாவிட்டாலும் அதிலேயே வந்துவிடும் என்றார். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் ஏறும் என்பதால் அதையும் முன்பே முடித்துக்கொள்ள வேண்டும்.

பேசுவதைப் பற்றி எனக்கு நம்பிக்கை வரவில்லை. பேசினால் அப்படி என்ன ஏறிவிடும்? ஒரு ராத்திரி பேசாமல் பார்த்தேன், 144. நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே பட்டனை அமுக்கினேன், 157. நாத்தனார் நல்லவர்தான், பேச்சும் சாதாரணப் பேச்சுதான்.

இரண்டு கையிலும் பார்க்கச் சொல்லியிருந்தார். அத்தைக்கு வலக்கையில் எட்டு புள்ளி கூட. அப்படியானால் இனி எப்போதும் கூடுதலாக வரும் கையில்தான் அளக்க வேண்டும். வித்தியாசம் பத்தைத் தாண்டி அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், அது ரத்தக்குழாய் அடைப்பின் அடையாளமாகவும் இருக்கலாம்.

வெட்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் பக்கத்தில் நான் நல்ல நம்பர்களாகப் பார்த்து எழுதினேன். 151 வந்தால் "சரியா உட்காரலை" என்று மறுபடி பார்ப்பது, 148 வந்தால் "சத்தம் கேட்டுது" என்று மறுபடி பார்ப்பது, 139 வந்ததும் அதை எழுதிவிட்டு மூடிவிடுவது. ஒரு வாரம் கழித்து நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டர் அதைப் புரட்டக்கூட இல்லை. மிஷினைக் கையில் எடுத்து மெமரி பட்டனை அமுக்கி, ஒவ்வொன்றாகத் தன் தாளில் எழுத ஆரம்பித்தார். அறையில் பட்டன் சத்தம் மட்டும்தான். என் சராசரி 146/91 என்று வந்தது. அத்தைக்கு 127/71.

அப்போதுதான் அத்தையின் தலைசுற்றலுக்கு வந்தார். உட்கார்ந்து பார்த்தால் 128/70. எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிஷத்தில் பார்த்தால் 104/62, மூன்றாவது நிமிஷத்தில் 106. நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் பிரஷர் 20 புள்ளியோ கீழ் பிரஷர் 10 புள்ளியோ விழுந்தால் அது கவனிக்க வேண்டிய விஷயம். கோலம் போட்டு எழுந்தபோது கண் இருட்டியது இதனால்தான். ஆஸ்பத்திரிப் படி ஏறியதும் இட்லிக் கதையும் சேர்ந்து மாத்திரையை ஏற்றிவிட்டன. வீட்டில் அவருக்கு அந்த அளவு தேவையே இல்லை. டாக்டர் ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தார். எங்கள் வழக்கமான டாக்டரிடம் அதையும் ஒரு வார நம்பர்களையும் காட்டினோம். அவர் நிதானமாகப் பார்த்து மாத்திரையைக் குறைத்தார். நாங்களாக எதையும் நிறுத்தவில்லை. நம்பரைப் பார்த்து மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடும் ஆட்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

அத்தைக்கு ஆஸ்பத்திரியில் ஏறுகிறது. சரி, அது கேள்விப்பட்டதுதான், டாக்டரின் வெள்ளைக் கோட்டைக் கண்டால் ஏறும் பிரஷர் என்பார்கள். எனக்கு மட்டும் ஏன் முகாமில் 128, வீட்டில் 146? யோசித்துப் பார்த்தேன். முகாமில் என் முறை வர ஒன்றரை மணி நேரம் ஆனது. ஃபேனுக்கு அடியில் நாற்காலியில் சாய்ந்து, எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து நாலு டிபன் பாக்ஸ் கட்டி, பஸ் பிடித்து, ஆபீசில் கட்டணக் கணக்கோடு மல்லுக்கட்டுகிற எனக்கு, ஒன்றரை மணி நேரம் சும்மா உட்காரக் கிடைத்த இடம் அந்த முகாம் ஒன்றுதான். இப்படி மறைந்திருக்கும் பிரஷர்தான் ஆபத்து, யாரும் தேட மாட்டார்கள் என்றார் டாக்டர்.

உறுதிப்படுத்த 24 மணி நேர மிஷின் கட்டிவிட்டார்கள். இடுப்பில் ஒரு டப்பா, கையில் பட்டை. பகலில் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, ராத்திரி அரைமணிக்கு ஒருமுறை தானே இறுக்கும். இறுக்கும்போது கையை ஆட்டாமல் வைத்துக்கொள்ள வேண்டும். தோசைக் கரண்டியோடு நான் சிலையாக நின்றதைப் பார்த்து மகன் விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டு தோசை கருகியது. தூக்கத்தில் பிரஷர் பகலைவிடப் பத்திலிருந்து இருபது சதவீதம் இறங்க வேண்டுமாம். எனக்கு அவ்வளவு இறங்கவில்லை. 24 மணி நேரச் சராசரிக்குக் கோடு 130/80. நான் அதைத் தாண்டியிருந்தேன். உப்பைக் குறைத்து, நடைப்பயிற்சியும் ஒரு சின்ன மாத்திரையும் ஆரம்பித்தாயிற்று.

இடையில் ஒரு ராத்திரியைச் சொல்ல வேண்டும். ஏதோ மன உளைச்சல், அத்தை தானே பட்டையைக் கட்டிப் பார்த்திருக்கிறார். 172. பயந்து மறுபடி பார்க்க 180, மறுபடி 186. பயம் ஏற ஏற நம்பரும் ஏறுகிறது. எங்களை எழுப்பியபோது மணி பதினொன்று. டாக்டருக்குப் போன் போட்டோம். அவர் கேட்டது நம்பரை இல்லை. நெஞ்சு வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, ஒரு பக்கம் கைகால் மரத்துப் போகிறதா, பேச்சு குழறுகிறதா, பார்வை மங்குகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மிஷினை விட்டுவிட்டு 108ஐக் கூப்பிடு. எதுவும் இல்லையென்றால் மிஷினை அலமாரியில் வைத்துவிட்டு அமைதியாக உட்கார், கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு தடவை பார், அப்போதும் 180/120ஐ ஒட்டி இருந்தால் எனக்குப் போன் போடு என்றார். அரைமணி கழித்து 142. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ராத்திரி தூக்கம் வரவில்லை என்று மிஷினைத் தொடக் கூடாது என்பது சட்டம்.

எதிர்வீட்டு அம்மாவுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு பெண் வந்து பிபி பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி பக்கம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம், எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. ஒருநாள் கவனித்தேன். அவள் வந்ததும் அந்த அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, நோட்டில் எதையோ எழுதிக்கொண்டே நேரத்தைக் கழிக்கிறாள். ஐந்து நிமிஷம் ஆனதும்தான் பட்டையை எடுக்கிறாள். முன்பெல்லாம் இதைப் பார்த்திருந்தால் வேலையில் மந்தம் என்று நினைத்திருப்பேன்.

மிஷினைப் பற்றி மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். செல் வலுவிழந்தால் காற்றடிக்கும்போதே முனகும், எரர் வரும், உடனே மாற்றிவிடுங்கள். டியூபைப் பட்டையைச் சுற்றி இறுக்கி மடித்து வைக்காதீர்கள், எங்களுடையது அப்படித்தான் விரிசல் விட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் போகும்போது கையோடு கொண்டுபோய் அங்கே இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

இப்போது அத்தைக்கு வாரம் ஒருநாள் பார்த்தால் போதும். எனக்குத்தான் அடிக்கடி. காலையில் தலையணையை மேஜையில் போட்டுவிட்டு அவரே என்னைக் கூப்பிடுகிறார். பட்டையை முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே சரியாகக் கட்டுகிறார். நான் வாயைத் திறந்தால் டாக்டர் மாதிரியே விரலைக் காட்டுகிறார். நம்பரைப் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறார், எது வந்தாலும் அப்படியே. இன்று காலை 133/84. எழுதி முடித்துவிட்டு, "இரு, இன்னொரு தடவை இருக்கு. ஒரு நிமிஷம் ஆகட்டும்" என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. எழுந்திருக்க விடவில்லை.